மௌண்ட் மேரி குன்றில் ஒரு திருப்புகழ்

செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் கிருத்திகைதோறும் திருப்புகழ் பாடும் எங்கள் குழுவில் ஜால்ரா பிடித்தவர் என் நண்பர். பூர்வீகம் நெல்லைச் சீமை, வளர்ந்தது தாராவி. திருப்புகழில் சந்தம் தப்பினால் பாட்டே போயிற்று. எங்களில் யார் தடுமாறினாலும் அவர் குரல்தான் இழுத்துப் பிடிக்கும். அந்தக் குரலுக்கே நோய் வந்தது. தொண்டையில் புற்று.

பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனைக்கு ஓராண்டு அலைந்தார்கள். பிறகு பாந்த்ராவில் மௌண்ட் மேரி ஆலயத்தின் அருகிலுள்ள சாந்தி அவேத்னா சதனில் சேர்த்தார்கள். குணப்படுத்த இயலாத புற்றுநோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-ல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் உலகுக்கு வழிகாட்டியது. நம் நாட்டில் இத்தகைய முதல் இல்லத்தை 1986-ல் இங்கே நிறுவியவர் டாக்டர் எல்.ஜே. டிசூசா. கட்டணம் கிடையாது, எந்த மதம் என்ற கேள்வியும் கிடையாது. கன்னியாஸ்திரீகள் கவனித்துக்கொள்கிறார்கள்.

மாதுங்கா ரோடில் ரயிலேறி முதலிரண்டு முறை போனபோது மழை, கிரிக்கெட் என்று ஏதேதோ பேசிவிட்டு வந்தேன். நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர் மனைவியிடம்கூட 'உடம்புக்கு' என்றுதான் பேசுவேன். கழுத்தில் குழாய் வைத்திருந்ததால் அவருக்குப் பேச்சில்லை. கையில் ஒரு சிலேட்டு.

மூன்றாம் முறை, "பாடும்" என்று எழுதிக் காட்டினார்.

எதைப் பாடுவது? அருணகிரியார் மூப்பையும் நோயையும் எமனையும் தொடாத பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யோசித்துக் குழந்தை முருகனைக் கொஞ்சும் பாட்டொன்றை எடுத்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, "திருத்தணி" என்று எழுதினார்.

எனக்குத் திக்கென்றது. பிணியாளர் வீடுகளில் பலரும் பாடும் பாட்டுத்தான். இருமல், வாதம், நீரிழிவு, தலைவலி, சோகை, கழுத்தில் எழும் கண்டமாலை என்று நோய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவை பிறவிதோறும் வாட்டாமல் காக்க வேண்டுமென்று முருகனிடம் கேட்பது. "அது வேண்டாமே" என்றேன்.

சிலேட்டில் எழுதினார்: "ஏன் வே, பயமா? பேரைச் சொன்னா வந்திருமோ? வந்துதான் ஆச்சே!"

பாடினேன். கழுத்து நோய் வரும் இடத்தை முணுமுணுத்துக் கடந்தேன். கட்டில் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. மறுபடி அந்த அடியிலிருந்து தொடங்கச் செய்தார். இந்த முறை வாய்விட்டுச் சொன்னேன். அவர் தம் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். விரல் மீண்டும் தாளத்துக்குப் போயிற்று.

வாசலில் நின்று கேட்ட சிஸ்டர் பாட்டின் பொருளைக் கேட்டார். இந்தியில் சொன்னேன். "எங்கள் கேஸ் பேப்பர் மாதிரியே இருக்கிறதே!" என்று சிரித்தார். நண்பரும் சத்தமில்லாமல் சிரித்தார். ஆறுதல் சொல்லப் போன எனக்கு ஓராண்டாக நெஞ்சில் கிடந்த கனம் அந்தக் கட்டிலருகே இறங்கியது.

அன்றுதான் மனம்விட்டுப் பேசினோம். மகளின் காலேஜ் கட்டணம், ஊரிலுள்ள கால் காணி நிலம், எதுவரை சிகிச்சை, எது வேண்டாம், எல்லாவற்றையும் எழுதினார். சிலேட்டை நாலைந்து முறை துடைத்தேன். கடைசியாக, "ஜால்ரா உமக்கு" என்று எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

இப்போது கிருத்திகைக்கு ஜால்ரா என் கையில். திருத்தணிப் பாட்டில் அந்த இடம் வரும்போது இன்னும் கால் தாளம் பிந்துகிறேன்.