அடங்கலில் என்ன அடங்கியிருக்கிறது?

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், பயிர்க் காப்பீடு செய்யப் போனாலும், நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் போனாலும் கேட்கப்படுவது 'சிட்டா, அடங்கல்'. இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டதால், இரண்டும் ஒன்றுதான் எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

நிலம் யார் பெயரில், எவ்வளவு பரப்பு, நன்செயா புன்செயா என்பதைச் சொல்வது சிட்டா. அந்த நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர் நிற்கிறது என்பதைச் சொல்வது அடங்கல். விற்றாலோ, பாகம் பிரித்தாலோ சிட்டா மாறும். அடங்கலோ போகத்துக்குப் போகம் மாறும்.

சொல் வந்த வழி

'அடங்கு' என்பதிலிருந்து பிறந்தது அடங்கல். முழுவதும் உள்ளடங்கியது என்று பொருள். தேவாரத் தொகுப்பை 'அடங்கன்முறை' என்பதும் இந்தப் பொருளில்தான். கிராமத்தின் புல எண்கள் அனைத்தும் அடங்கிய பதிவேடு என்பதால் கிராமக் கணக்கு எண் 2-க்கு இப்பெயர் பொருந்துகிறது. ஆந்திரத்திலும் இதே சொல் புழக்கத்தில் உண்டு.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பசலி. இது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434. ஜூனில் நட்டு செப்டம்பரில் அறுக்கும் குறுவை இரண்டு பசலிகளைத் தொடும். எந்தப் பசலிக்கு அடங்கல் தேவை என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

அடுத்து பரப்பு. அடங்கலில் ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கும். ஓர் ஏக்கர் என்பது சுமார் 40.5 ஏர். 2 ஏக்கர் என்றால் 0.81.0 என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது பயிர். சென்ற ஆண்டு நெல், இந்த ஆண்டு உளுந்து என்று வைத்துக்கொள்வோம். பதிவில் நெல்லே தொடர்ந்தால், உளுந்துக்குச் செய்த காப்பீடு இழப்பீட்டு நேரத்தில் சிக்கலாகும். நிலக்கடலையில் துவரையை ஊடுபயிராக விதைத்தவர்கள் இரண்டும் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள்.

குத்தகை விவசாயிகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பட்டாவில் இல்லாத உங்கள் உழைப்பு, சாகுபடி செய்பவர் என்ற முறையில் அடங்கலில் இடம்பெற முடியும். ஆனால் அடங்கல் நில உரிமைப் பத்திரம் ஆகாது.

களப்பணியாளர்களுக்கு

மாவட்டப் பயிர்ப் பரப்புக் கணக்குக்கும் அடங்கலே அடிப்படை. உரம், விதைத் தேவையைத் திட்டமிடுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். எனவே கிராம நிர்வாக அலுவலருடன் சேர்ந்து வயலில் நின்று சரிபாருங்கள். பக்கத்துப் புலத்தைப் பார்த்து ஊகித்து எழுத இடம் கொடுக்காதீர்கள்.

விவசாயிகள் விதைத்த ஒரு மாதத்துக்குள் அடங்கலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால், பயிர் வயலில் நிற்கும்போதே எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அறுவடை முடிந்துவிட்டால் காட்டுவதற்குத் தாள் மட்டுமே இருக்கும்.