மந்திரம் சொன்னால் பிரஷர் குறையுமா?



"சமஸ்கிருத மந்திரம் சொன்னா பிரஷர் குறையும், மாத்திரையே வேண்டாம்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்போம். நம்மில் பலருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால், இதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். கவலை, கோபம் வந்தால் இது கூடும். நெஞ்சு படபடக்கும். மந்திரத்தை நிதானமாகச் சொல்லும்போது, ஒரு வரி முடியும் வரை மூச்சு மெதுவாக வெளியே போகிறது. அடுத்த வரிக்கு நன்றாக மூச்சை இழுக்கிறோம். மூச்சு நிதானப்பட்டால் படபடப்பு அடங்கும், மனசும் லேசாகும்.

இத்தாலியில் 23 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2001இல் வெளிவந்தது. அவர்கள் 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற சமஸ்கிருத மந்திரத்தைச் சொன்னார்கள். லத்தீன் மொழியில் ஜெபமாலையும் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சமன்படுத்த உடம்பிலேயே இருக்கும் ஏற்பாடும் நன்றாக வேலை செய்தது. மொழி வேறு, மதம் வேறு. பலன் ஒன்றுதான்!

நினைவாற்றல் பற்றியும் பேசுகிறார்கள். சிறு வயதிலிருந்தே வேதம் மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களின் மூளையை ஸ்கேன் செய்து, மற்ற 21 பேருடன் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. மொழிக்கும் நினைவுக்கும் உரிய சில பகுதிகள் பண்டிதர்களுக்குத் தடித்திருந்தன. அது பல ஆண்டுப் பயிற்சி பெற்றவர்களின் கதை. பத்து நாள் சொன்னால் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

* தினமும் 5 அல்லது 10 நிமிடம் அமைதியாக உட்காருவோம்.
* மந்திரமோ, தேவாரமோ, ஜெபமோ, திக்ரோ, தாலாட்டோ, நமக்குப் பழகியதைச் சொல்வோம்.
* ஒரு மூச்சுக்கு ஒரு வரி. அவசரம் கூடாது.
* தலை சுற்றினால் நிறுத்திவிட்டு, சாதாரணமாக மூச்சு விடுவோம்.

இதற்குக் காசு கொடுத்து சி.டி., தாயத்து எதுவும் வாங்கத் தேவையில்லை.

முக்கியமான விஷயம்: மந்திரம் மாத்திரைக்குப் பதில் ஆகாது. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வெளியே தெரியாது. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். குடும்பமே நிலைகுலைந்து போகும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தை இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டில் உப்பையும் குறைப்போம்.

மனசுக்கு மந்திரம், உடம்புக்கு மருந்து. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்திய சகோதரி யாராவது இருந்தால், கையோடு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.