ஒரு சனிப்பெயர்ச்சி, இரண்டு தேதி!

காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுக்கு 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் புறப்படப் பலர் ஆயத்தமானார்கள். மார்ச் 29-ந் தேதி சனிப்பெயர்ச்சி என்று அவர்கள் கையிலிருந்த பஞ்சாங்கம் சொல்லிற்று. ஆனால் அந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை, 2026-ல்தான் என்று கோவில் நிர்வாகம் அறிவித்தது.

சனி ஒன்றுதானே? அது இரண்டு தடவை பெயருமா?

2 பஞ்சாங்கம்

நம்மிடம் இரண்டு வகைப் பஞ்சாங்கங்கள் உண்டு. ஒன்று, முன்னோர் வாக்கியங்களாக வகுத்து வைத்த கணக்கு. அது வாக்கியப் பஞ்சாங்கம். மற்றொன்று, வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. அது திருக்கணிதப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோவிலில் வாக்கியப்படிதான் எல்லாம் நடக்கும்.

கிரகம் நிற்கும் இடத்தில் இரண்டுக்கும் சில பாகை வித்தியாசம். சந்திரனாக இருந்தால் அதைச் சில மணி நேரத்தில் கடந்துவிடும். சனியோ மந்தன்! ஒரு பாகை நகர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவேதான் வித்தியாசம் மாதக் கணக்கில் நீளுகிறது. 2023-ல் திருக்கணிதப்படி பெயர்ச்சி ஜனவரி 17. கோவிலில் விழா நடந்ததோ டிசம்பர் 20!

சீனாவில் எப்படி?

பழைய சீனாவில் பஞ்சாங்கம் அரசாங்கத்தின் சொத்து. சக்கரவர்த்தியின் வான சாஸ்திரிகள் கணித்ததே நாடு முழுவதும் செல்லும். கணக்கு பிசகினால் திருத்துவதும் அரசாங்கமே. 1645-ல் ஆதாம் ஷால் என்ற ஜெர்மன் பாதிரியாரின் உதவியோடு அப்படி ஒரு பெரிய திருத்தம் நடந்தது. 1912-ல் அங்கே ஆங்கிலத் தேதி வந்துவிட்டது. ஆயினும் புத்தாண்டுப் பண்டிகைக்கு இன்றும் பழைய கணக்குத்தான்.

ஆண்டுகளுக்கு நம்மைப் போலவே சீனருக்கும் 60 பெயர் உண்டு. 10 பெயர் கொண்ட ஒரு சக்கரம். எலி, எருது, புலி என்று 12 பிராணிகளைக் கொண்ட இன்னொரு சக்கரம். இரண்டும் கூடவே சுழல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் சேர்ந்த ஜோடி மறுபடியும் சேர 60 ஆண்டு ஆகும். நாட்களுக்கும் இதே 60 பெயர்தான். 3,000 ஆண்டுகளுக்கு முந்திய எலும்புகளிலேயே இந்த நாட்பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

நமக்குச் சூரியன் உதித்தால் நாள் தொடங்குகிறது. நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 24 நிமிஷம். சீனர் நாளை 12 பொழுதாகப் பிரித்தார்கள். ஒரு பொழுது நமது 2 மணி நேரம். இரவு 11 மணி முதல் 1 மணி வரை எலிப் பொழுது. பகல் 11 முதல் 1 வரை குதிரைப் பொழுது.

எந்தப் பிரபவ?

60 பெயர்க் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. "நான் ருத்ரோத்காரி வருஷத்தில் பிறந்தவன்" என்று ஒருவர் சொன்னால், அது 1923-ஆ, 1983-ஆ? ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்லில் எழுதியிருந்தால்?

அதனால்தான் சீனர், சக்கரவர்த்தியின் ஆட்சிப் பெயரையும் அதில் எத்தனையாவது ஆண்டு என்பதையும் எழுதினார்கள். நம் சோழர் கல்வெட்டுகளிலும் மன்னரின் ஆட்சியாண்டு இருக்கிறது அல்லவா?

இதற்கு ஓர் உதாரணம் காரைக்காலுக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருந்தது. 14-ம் நூற்றாண்டுச் சீன யாத்திரிகர் வாங் தாயுவான், கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த செங்கல் கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஊர் நாகப்பட்டினமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சியென்சுன் 3-ம் ஆண்டு 8-ம் மாதம் வேலை முடிந்தது என்று அதில் சீன எழுத்தில் பொறித்திருந்ததாம். ஆட்சிப் பெயர் இருப்பதால் அது 1267 என்று சந்தேகமின்றிச் சொல்ல முடிகிறது. சீனருக்கு அது முயல் ஆண்டு. நமக்குப் பிரபவ!

நாகையில் "சீனக் கோபுரம்" என்று வழங்கிவந்த பழைய கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் பிரபவ ஆண்டுதான்! நடுவில் 600 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தால் இரண்டும் ஒரே ஆண்டாகத் தோன்றும்.

ஆகவே, வீட்டில் பிறந்த குழந்தையின் நாளைக் குறிக்கும்போது ஆண்டின் பெயரோடு எண்ணையும் எழுதுங்கள். திருநள்ளாற்றுக்கு மூட்டை கட்டுமுன், கையிலிருப்பது எந்தப் பஞ்சாங்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!