நான்கு கிலோ எங்கே இருக்கிறது?

நான்கு கிலோ டம்பெல் ஒன்று. நான்கு கிலோ கெட்டில்பெல் ஒன்று. தராசின் ஒரு தட்டில் அதையும் மறுதட்டில் இதையும் வைத்தால் முள் நட்டநடுவில் நிற்கும். ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் பிடித்து வீசிப் பார்த்த அண்ணன் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். "ரெண்டும் ஒண்ணா? சான்ஸே இல்ல!" என்பார். தராசும் பொய் சொல்லவில்லை, அண்ணனும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் என்னதான் நடக்கிறது?

கெட்டில்பெல்லைப் பார்த்திராதவர்களுக்கு: அது உருண்டையான ஓர் இரும்புக் குண்டு. தரையில் உருண்டு ஓடாமல் இருக்க அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மேலே வளைவாக, தடித்த கைப்பிடி. அவ்வளவுதான். திருகு கிடையாது, நீளக் கம்பி கிடையாது, கழற்றி மாட்டும் வட்டுகளும் கிடையாது. இப்போது ஜிம்களில் சுவரோரமாக இவை அளவுவாரியாக வரிசைகட்டி நிற்கின்றன. நடிகர்கள் இதைத் தோளருகே பிடித்துக்கொண்டு முறைக்கும் படங்களும் நிறைய வருகின்றன. முறைப்பதற்கு இந்தக் கருவி தேவையே இல்லை என்பது என் கருத்து. இதை வீச வேண்டும். வீசும்போதுதான் இதற்குள் இருக்கும் அறிவியல் வெளியே வரும்.

முதலில் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடியை இறுக்குங்கள். பாட்டிலைப் படுக்கைவாட்டில், நடு வயிற்றில் பிடித்துக் கையை முன்னால் நீட்டுங்கள். எளிதாக இருக்கிறதா? இப்போது அதே பாட்டிலைக் கழுத்தில் மட்டும் பிடித்து, பக்கவாட்டில் நீட்டியபடி படுக்கைவாட்டிலேயே நிறுத்திப் பாருங்கள். மணிக்கட்டு முணுமுணுக்கத் தொடங்கும். அடிப்பக்கம் கீழே சாயப் பார்க்கும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. எடை அதேதான். எடை இருக்கும் இடம் மட்டும் உங்கள் கையைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். அந்தப் புள்ளிதான் நிறை மையம். டம்பெல்லில் நிறை மையம் உங்கள் முஷ்டிக்கு உள்ளேயே இருக்கிறது. இந்தப் பக்கக் குண்டு ஒரு திசையில் திருப்பப் பார்த்தால் அந்தப் பக்கக் குண்டு எதிர்த்திசையில் திருப்பும். கணக்கு நேர். கெட்டில்பெல்லில் நிறை மையம் கைப்பிடியிலிருந்து தள்ளி, குண்டுக்குள் இருக்கிறது. சும்மா தொங்கவிட்டால் அது சாதுவாக நேர் கீழே தொங்கும். தலைகீழாக, குண்டு மேலேயும் கைப்பிடி கீழேயும் இருக்கும்படி பிடித்தால் அது எந்தப் பக்கம் சாயலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். விரல்களும் மணிக்கட்டும் தோளும் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதை வீசினாலோ கதையே வேறு. ஒரே இரும்பு மூன்று நிலையில் மூன்று விதமாக நடந்துகொள்கிறது.

கெட்டில்பெல் பயிற்சிகளில் அடிப்படையானது ஸ்விங். இரண்டு கால்களையும் அகட்டி நின்று, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து, குண்டைத் தொடைகளுக்கு இடையே பின்னால் போகவிட்டு, பிறகு மார்பு உயரத்துக்கு முன்னால் வீச வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கைதான் தூக்குகிறது என்று தோன்றும். முதல்முறை செய்பவர்களும் அப்படியே நினைத்துக் கையால் தூக்கி, தோள் வலியோடு வீட்டுக்குப் போவார்கள். உண்மையில் இங்கே கைகள் வெறும் கயிறு. வேலை செய்வது இடுப்பு. முதுகை வளைக்காமல் இடுப்பில் மடிந்தால் தொடையின் பின்புறத் தசைகள் இழுபடும். சட்டென்று நிமிரும்போது அந்தத் தசைகளும் புட்டத்துத் தசையும் சேர்ந்து சுருங்கி இடுப்பை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் கைகள் வழியாகக் குண்டுக்குப் போகும். சிரிக்காதீர்கள், நம் உடம்பிலேயே மிகப் பெரிய தசை புட்டத்தில்தான் இருக்கிறது. நாம் அதன்மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஊஞ்சலில் தங்கையை உட்காரவைத்துத் தள்ளியிருப்பீர்கள். ஊஞ்சல் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது தள்ளினால் கை வலிக்கும், ஊஞ்சலும் நின்றுவிடும். பின்னால் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் தள்ளினால், இரண்டு விரலால் தொட்டாலே உயரப் போகும். ஸ்விங்கிலும் இதே நுட்பம்தான். குண்டு பின்னால் போய்த் திரும்பும் நேரத்தில் இடுப்பு தள்ள வேண்டும். முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். இன்னொரு வேடிக்கை: தனி ஊசலின் தாளம் அதில் தொங்கும் எடையைப் பொறுத்தது இல்லை, நீளத்தைத்தான் பொறுத்தது. அதனால்தான் 8 கிலோவை வீசிப் பழகியவர் 16 கிலோவுக்கு மாறும்போது கடினம் கூடுகிறதே தவிர, தாளம் அவ்வளவாக மாறுவதில்லை.

இனிமேல்தான் கெட்டில்பெல்லின் குறும்பு வருகிறது. ஒரு நூலின் நுனியில் ஒரு சின்னப் பூட்டைக் கட்டி, நூல் படுக்கைவாட்டில் நீண்டிருக்கும்படி பூட்டைத் தூக்கிப் பிடித்து விட்டுவிடுகிறோம். பூட்டு வளைந்து கீழே வருகிறது. மிகத் தாழ்ந்த இடத்தைத் தாண்டும்போது நூலை எவ்வளவு பலமாக இழுக்கும்? அதன் எடையைப் போல மூன்று மடங்கு! ஒரு பங்கு, பூட்டைத் தாங்கிப் பிடிக்க. மற்ற இரண்டு பங்கு, நேராக ஓடப்பார்க்கும் பூட்டை இழுத்து வட்டப் பாதையில் வளைக்க. இப்படி வளைக்கும் இழுப்புக்குத்தான் பெரிய வகுப்புகளில் மையநோக்கு விசை என்று பெயர் படிப்பீர்கள். நூல் நீளமாக இருந்தால்? அப்போதும் மூன்று மடங்குதான். நீள நூலில் பூட்டு அதிக உயரத்திலிருந்து விழுவதால் வேகம் கூடும். ஆனால் பெரிய வட்டம் என்பதால் வளைவு மென்மையாகிவிடும். கூடியதும் குறைந்ததும் சரியாகக் கழிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் பள்ளி இயற்பியலின் அழகான கணக்குகளில் இது ஒன்று.

நம்பிக்கை வரவில்லையா? நூலுக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டுங்கள். பூட்டு சும்மா தொங்கும்போது ரப்பர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆடவிடுங்கள். தாழ்ந்த இடத்தைக் கடக்கும்போது ரப்பர் இன்னும் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம், கண்ணாடி ஜன்னலும் வேண்டாம்.

ஸ்விங் செய்பவரின் தோளும் நகர்கிறது, இடுப்பும் மடிகிறது. அதனால் மூன்று மடங்கு என்ற கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒவ்வொரு வீச்சிலும் சில கணங்களுக்கு 16 கிலோ குண்டு 16 கிலோவைவிட மிக அதிகமாக விரல்களை இழுக்கும். மறுகணம், உச்சியில், எடையே இல்லாததுபோல மிதக்கும். தராசில் அசையாமல் நிற்கும்போது ஒரே எடை காட்டும் பொருள், வீசும்போது இழுப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறது. விரல்களின் பிடி இதில் இவ்வளவு வலுவாவதற்கும் காரணம் இதுதான். பிடி வழுக்காமல் இருக்க வீரர்கள் கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொள்வார்கள். கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பொடி இல்லை அது, மக்னீசியம் கார்பனேட்.

கெட்டில்பெல்லின் சொந்த ஊர் ரஷ்யா. அங்கே இதன் பெயர் கீர்யா. முதலில் இது உடற்பயிற்சிக் கருவியே அல்ல, சந்தையில் தானியம் நிறுக்கும் எடைக்கல். நிறுத்து முடித்த நேரத்தில் சும்மா இருக்க முடியாத இளைஞர்கள் அதைத் தூக்கியும் வீசியும் பலம் காட்டினார்கள். திருவிழாக்களில் பயில்வான்கள் கையில் எடுத்தார்கள். பழைய ரஷ்யாவில் எடையின் அலகு பூட். ஒரு பூட் என்றால் 16.38 கிலோ. 1920-களில் சோவியத் நாடு கிலோகிராமுக்கு மாறியது, பூட் அரசுக் கணக்கிலிருந்து போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் ஜிம்முக்குப் போய்ப் பாருங்கள்: 16, 24, 32 என்று எழுதியிருக்கும். ஒரு பூட், ஒன்றரை பூட், இரண்டு பூட்! அலகு போனாலும் இரும்பு அதை மறக்கவில்லை.

இந்தச் சந்தைக் கல்லை முறையான பயிற்சிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு மருத்துவர். பெயர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி. 1885-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பளு தூக்க விரும்புகிறவர்களுக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். பின்னாளில் 'ரஷ்யச் சிங்கம்' என்று உலகம் அழைத்த மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் இவரிடம் பயின்றவர்தான். பிறகு சோவியத் காலத்தில் கீர்யா தூக்குவது ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. 1985-இல் லிபெட்ஸ்க் நகரில் முதல் சோவியத் சாம்பியன்ஷிப் நடந்தது.

இன்றைய கீர்யா போட்டிகளின் விதி விசித்திரமானது. யார் அதிக எடை தூக்குகிறார் என்று பார்ப்பதில்லை. எடை எல்லோருக்கும் முன்பே முடிவாகிவிடும். பத்து நிமிடத்தில் எத்தனை முறை தலைக்குமேல் உயர்த்துகிறார் என்றுதான் எண்ணுவார்கள். நடுவில் கீழே வைத்தால் ஆட்டம் முடிந்தது. அப்படியானால் ஓய்வு? கையில் குண்டு இருக்கும்போதே ஓய்வெடுக்க வேண்டும்! ஜெர்க் என்ற பிரிவில் வீரர்கள் இரண்டு குண்டுகளையும் மார்போடு அணைத்து, முழங்கைகளை இடுப்பெலும்பின் விளிம்பில் ஊன்றிக்கொள்வார்கள். குண்டின் எடை கை வழியாக இடுப்பெலும்புக்கும், அங்கிருந்து காலெலும்புக்கும், தரைக்கும் இறங்கிவிடும். தசைகளுக்குக் கொஞ்சம் விடுமுறை. தசை சுருங்கிக்கொண்டே இருக்க எரிபொருள் வேண்டும்; எலும்போ ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நின்றால் சும்மா தாங்கும். தலைக்கு மேலே தூக்கிய கையை முழங்கை மடியாமல் நேராக வைப்பதும் இதற்காகத்தான். அனுபவசாலியின் முகம் சாந்தமாகவும், புதியவரின் முகம் சிவந்தும் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த எலும்புக் கணக்கு.

பழைய சோவியத் நாடுகளுக்கு வெளியே இது பெரிதாகப் பரவியது 2000-க்குப் பிறகுதான். மின்ஸ்க் நகரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பாவெல் சாட்சூலின் என்ற பயிற்சியாளர் எழுதியும் கற்றுக்கொடுத்தும் அங்கே இதைப் பிரபலமாக்கினார். பிறகு உலகெங்கும் ஜிம்களில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கையைவிட்டுத் தள்ளி எடையை வைத்து வீசும் யோசனை நமக்கும் புதிதல்ல. கர்லாக்கட்டை அதே குடும்பம்தான்: மெல்லிய பிடி ஒரு முனையில், கனமான மரம் மறுமுனையில். தோளைச் சுற்றிச் சுழற்றும்போது எடை தள்ளியிருப்பதால்தான் அது தோளுக்கு வேலை கொடுக்கிறது. இந்தியாவில் கர்லா சுற்றுவதைப் பார்த்த ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது பல நாடுகளுக்கும் பரவி ஒலிம்பிக்கிலேயே நுழைந்தது. 1904, 1932 என்று இரண்டு ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றலுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்!

இனி விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. "இது ஒன்று போதும், வேறெதுவும் வேண்டாம்" என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய. அதை நம்பாதீர்கள். ஸ்விங் உடலின் பின்பக்கத் தசைகளையும் இதயத்தையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும், அது உண்மை. ஆனால் மரக்கிளையில் தொங்கி உடலை மேலே இழுப்பதை அது கற்றுத்தராது; நீச்சலையும் ஓட்டத்தையும் தராது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்வது, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் வேலை இருக்க வேண்டும் என்பதுதான். கபடி, பச்சைக்குதிரை, கயிறு தாண்டல் எல்லாம் அதில் அடங்கும். கெட்டில்பெல் ஆசை இருந்தால் தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். அண்ணனுடையதை அவர் தூங்கும்போது எடுத்து வீசக் கூடாது. கைநழுவினால் அது எங்கே போய் விழும் என்பதைத் தொட்டி மீனிடம் கேட்க வேண்டிவரும்.

இரும்பே இல்லாமல் இப்போதே பழகக்கூடியது ஒன்று உண்டு: இடுப்பில் மடிவது. ஒரு துடைப்பக்கட்டையை முதுகோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, முதுகெலும்பின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் கட்டை தொட வேண்டும். மூன்றில் எதுவும் விலகாமல், முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் சாத்தப் போவதாக நினைத்துக் குனியுங்கள். பெரியவர்கள் பலருக்கு இது வராது. வீட்டில் ஒவ்வொருவரையும் செய்யச் சொல்லிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

கடைசியாக, கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு புதிர். போட்டிக் கெட்டில்பெல்கள் எல்லாம் ஒரே அளவு. மஞ்சள் நிற 16 கிலோவும், பச்சை நிற 24 கிலோவும், சிவப்பு நிற 32 கிலோவும் வெளியே பார்த்தால் ஒரே உருவம். உருண்டையின் விட்டம் 21 செ.மீ. எடை கூடினாலும் குண்டு முன்கையில் பதியும் இடம் மாறக் கூடாது, பழகிய நுட்பம் கெடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். எடை குறைந்ததில் உள்ளே அதிகக் காலி இடம் இருக்கும். அப்படியானால் 8 கிலோ போட்டிக் குண்டைக் கிணற்றில் போட்டால் மிதக்குமா? 21 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் கன அளவு ஏறத்தாழ 4.85 லிட்டர். அவ்வளவு தண்ணீரின் எடை 4.85 கிலோ. 8 அதைவிட அதிகம், எனவே மூழ்கிவிடும். அதே அளவில், தண்ணீர் புகாமல், 4 கிலோவுக்கு ஒன்று செய்தால் மிதக்கும்; ஆனால் முழுதாக வெளியே தெரியாது. எவ்வளவு பங்கு தண்ணீருக்கு மேலே இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.