டாக்டர் "போகலாம்"னாரு, ஆபீஸ் "வராதீங்க"ன்னுச்சு: நடுவுல போன பத்து நாள் சம்பளம்

இந்த எபிசோடு கொஞ்சம் சொந்தக் கதை. எனக்கு டிபி வந்துச்சு. ஆமா, காசநோய். ஐடி கம்பெனியில ஏசி ரூம்ல உக்காந்து கோட் அடிக்கிறவனுக்கு எப்படின்னு நிறைய பேர் கேட்டாங்க. காத்துல பரவுற நோய்க்கு நம்ம டிகிரி தெரியாதுங்க.

ஏழு வாரம் வீட்டுல இருந்தேன். நோயைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம். இன்னைக்கு காசு.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல வந்தது. அதுல வருஷத்துக்கு 12 நாள் வரை நோய்க்காகச் சம்பளத்தோட விடுப்பு உண்டு. கம்பெனியோட சிக் லீவ் எனக்கும் அதே 12. சேர்த்து வெச்சிருந்த ஏர்ன்டு லீவ் 9. சனி ஞாயிறைக் கழிச்சா 21 வேலை நாள், ஒரு மாசத்துல காலி. அப்புறம் லாஸ் ஆஃப் பே.

"கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குமே"ன்னு அம்மா கேட்டாங்க. நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டுறது ஆஸ்பத்திரி பில்லைத்தான். வீட்டுல படுத்திருக்கிற நாளுக்குச் சம்பளம் அதுல வராது.

இதுல ஒரு வேடிக்கை. எங்க ஆபீஸ்லேயே ஹெல்ப் டெஸ்க்ல இருக்கிற ஒரு தம்பிக்கு மாசம் 18,000 ரூபாய். சம்பளம் 21,000-க்குள்ள இருக்கறதால அவர் ஈஎஸ்ஐ-யில வர்றார். அவர் சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிக்கறாங்க, கம்பெனி 3.25 சதவீதம் போடுது. அவருக்கு உடம்பு முடியலன்னா ஈஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட்டை வெச்சு சராசரிச் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது பங்களிப்பு இருக்கணும். முதல் ரெண்டு நாளுக்குப் பொதுவா கிடையாது. அவர் கணக்குல தோராயமா ஒரு நாளைக்கு 420 ரூபாய். டிபி மாதிரி நீண்ட நாள் நோய்க்கு, சர்வீஸ் நிபந்தனை சரியா இருந்தா, 80 சதவீதம்னு தனியா நீட்டிப்பும் உண்டு. அந்தப் பணம் வாங்கிட்டிருக்கிற காலத்துல வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு 1948 ஈஎஸ்ஐ சட்டத்தோட 73-வது பிரிவு சொல்லுச்சு. 60,000 வாங்குற எனக்கு இது எதுவுமே இல்ல. அவர் சம்பளத்தைப் பார்த்து "பாவம்"னு நினைச்சவன் நான்!

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு வியாழக்கிழமை என் டாக்டர் பார்த்தாரு. சளிப் பரிசோதனை நெகடிவ், எடை ஏறுது. "நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க"ன்னு ஃபிட்னஸ் சர்டிபிகேட் எழுதிக் குடுத்தாரு. நான் அதைச் சட்டைப் பைல வெச்சுக்கிட்டு, திங்கள்கிழமை காலைல நேரா ஆபீஸ் போயிட்டேன்.

கேட்ல ஐடி கார்டு வேலை செய்யல. எச்ஆர்ல சொன்னாங்க, "உங்க டாக்டர் சர்டிபிகேட் மட்டும் போதாது, நம்ம பேனல் டாக்டரும் க்ளியர் பண்ணணும்." பரவுற நோய், மத்தவங்க பாதுகாப்பு, அதுல நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்த டாக்டர் கிடைச்சது வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட்டோட நான் உள்ள போனது அதுக்கடுத்த திங்கள்.

மாசக் கடைசில பே ஸ்லிப் வந்துச்சு. முதல் வெள்ளியிலிருந்து அந்த ஞாயிறு வரைக்கும், நடுவுல வந்த லீவு நாளையும் சேர்த்து, 10 நாள் பிடித்தம். நாளுக்கு 2,000 வீதம் 20,000 ரூபாய். பிடிச்ச நாளுக்குப் பிஎஃப்-பும் போகாது.

எனக்குக் கோவம் வந்தது அந்தத் தொகையால மட்டும் இல்ல. அந்தப் பத்து நாளும் நான் நோயாளி இல்ல, வேலைக்குத் தயாரா இருந்தவன். வரக் கூடாதுன்னு நிறுத்தினது அவங்க நடைமுறை. இதைத்தான் மெயில்ல எழுதினேன்: என் டாக்டர் தேதி இது, நான் உங்ககிட்ட குடுத்த தேதி இது, பேனல் அப்பாயின்ட்மென்ட் நீங்க குடுத்த தேதி இது. வேற ஒண்ணுமில்ல, மூணு தேதி. மேனேஜருக்கும் காப்பி.

ரெண்டு வாரம் இழுத்து, 7 நாளைச் ஸ்பெஷல் லீவா மாத்திச் சம்பளம் குடுத்தாங்க. மிச்ச 3 நாள்? வெள்ளி, சனி, ஞாயிறு. சர்டிபிகேட் என் சட்டைப் பைல இருந்த நாள். அவங்களுக்கே தெரியாத தேதிக்கு நான் என்ன வாதாடுறது. 6,000 ரூபாய் போச்சு.

அதனால, கையில சர்டிபிகேட் வந்த அடுத்த நிமிஷம் போட்டோ எடுத்து மெயில் பண்ணுங்க. அதுக்கும் முன்னாடி, ரெஸ்ட் முடிய ரெண்டு வாரம் இருக்கும்போதே "திரும்பி வர என்ன பேப்பர் வேணும், பேனல் டாக்டர் பார்க்கணுமா, அந்த நாளுக்குச் சம்பளம் எப்படி"ன்னு எழுத்துல கேட்டுடுங்க. சர்டிபிகேட்ல "எந்தத் தேதியிலிருந்து" தெளிவா இருக்கான்னு பாருங்க. கொஞ்ச நாள் அரை நாள் வேலை, வீட்டிலிருந்து வேலைன்னு டாக்டர் சொன்னா அதையும் அதிலேயே எழுதி வாங்குங்க. அரை நாளுக்கு முழுச் சம்பளமா பாதியான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க.

டிபி இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. நிக்ஷய் போஷன் திட்டத்துல, சிகிச்சை நடக்கிற வரைக்கும் சத்துணவுக்காக மாசம் 1,000 ரூபாய் அரசாங்கம் பேங்க்ல போடுது. தனியார் டாக்டர்கிட்ட பார்த்தாலும் நிக்ஷய்ல பதிவு பண்ணச் சொல்லிக் கேளுங்க. நான் கேட்கல, மூணாவது மாசம்தான் தெரிஞ்சுது.

உங்க ஆபீஸ்ல இந்தக் கதை எப்படி நடந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கம்பெனி பேர் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும்.