பசுமைக்குடில் குளிர காத்துதான் முதல் மருந்து

சித்திரை வெயில்ல பல்லடம், அவிநாசிப் பக்கம் பசுமைக்குடிலுக்குள்ள போனா மூச்சு முட்டுதுங்க. பாலித்தீன் தாள் வெயிலை உள்ளே விடும். மண்ணும் செடியும் சூடாகும். அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியில் மகரந்தம் கெட்டு, பூ உதிரும்.

உடனே ஃபாகர் மாட்டச் சொல்வார்கள். நொய்யல் கரையில் அது ஆபத்து. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகவே மாறியது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னாலும், நிலத்தடியில் இறங்கிய உப்பு அத்தனை சீக்கிரம் போகாது. அந்தத் தண்ணியைத் தெளித்தால் நாசில் அடைக்கும். இலையில் உப்புப் படிந்து ஓரம் கருகும்.

அதனால காத்தை நம்புங்க. சூடான காற்று மேலே ஏறும். உச்சியில் திறப்பு இருக்கணும். நமக்கு பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்கிலிருந்து வருது. உச்சித் திறப்பு கிழக்கு பார்த்திருந்தால் உள்சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பக்கத் தாள்களைக் காலையிலேயே சுருட்டிவிடுங்க. பூச்சிவலையில் தூசி அடைத்தால் காற்று நுழையாது, கழுவுங்க. நிழல்வலையை உள்ளே கட்டினால் சூடு உள்ளேயே தங்கும். கூரைக்கு மேலே இடைவெளி விட்டுக் கட்டுங்க. பாத்திகளுக்குக் கரும்புச் சோகை மூடாக்கு போடுங்க.

இத்தனைக்கும் பிறகு ஃபாகர் வேணும்னா மழைத்தண்ணி இருக்கு. கால் ஏக்கர் குடில் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 10,000 லிட்டர் உப்பில்லாத தண்ணி. ஓரத்தில் ஒரு தொட்டி கட்டினால் போதும், அது நம்ம கையில.