மலைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம்?

குழந்தைகளே, பாபநாசம் போயிருக்கிறீர்களா? தாமிரபரணி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி வரும் ஊர் அது. நான் ஆசிரியராக இருந்தபோது, ஒருமுறை மாணவர்களை அங்கே சுற்றுலா அழைத்துப் போனேன். படித்துறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போது ஒரு மாணவன் மேற்கே கை காட்டினான்.

“சார், இந்த மலையைத் தாண்டுனா எந்த ஊரு வரும்?”

“திருவனந்தபுரம்” என்றேன்.

“அப்போ பக்கம்தான! எங்க மாமா அங்க போகணும்னா ஏன் சார் விடியக்காலமே கிளம்புதாங்க?”

நல்ல கேள்வி அல்லவா?

இரண்டு தூரங்கள்

இரண்டு ஊர்களுக்கு நடுவே நேர்கோடு போட்டு அளந்தால் கிடைப்பது வான்வழித் தூரம். பஸ் போகும் பாதையை அளந்தால் கிடைப்பது சாலைவழித் தூரம்.

பாபநாசத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் வான்வழித் தூரம் 50 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஆனால் சாலையில் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழை என்று சுற்றிப் போக வேண்டும். சுமார் 140 கி.மீ. ஆகிவிடும்!

ஏன் இந்தச் சுற்று?

குறுக்கே நிற்பது பொதிகை மலை. அதன் அகத்தியர் மலைச் சிகரம் 1,868 மீட்டர் உயரம். மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் இடத்துக்குக் கணவாய் என்று பெயர். வண்டிகள் எளிதாகக் கடப்பது அங்கேதான். நமக்கு வடக்கே ஆரியங்காவு கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். 1904-ல் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் ஆரியங்காவு வழியாகத்தான்.

ஆப்பிரிக்காவில் ஆறே குறுக்கே நிற்கிறது. காங்கோ ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் கின்ஷாசா, பிரசாவில் என்று இரண்டு நாடுகளின் தலைநகரங்கள் உள்ளன. இடைவெளி சில கி.மீ.தான். ஆனால் அங்கே பாலம் இல்லை. மக்கள் படகில்தான் ஆற்றைக் கடக்கிறார்கள்.

நேராக ரோடு போட்டால்?

“மலையில நேரா ரோடு போட்டுரலாமே சார்?” என்று அதே மாணவன் விடாமல் கேட்டான். நான் அவன் கால் நனைத்துக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டினேன்.

பொதிகைக் காடு மழைநீரைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடுகிறது. அந்தத் தண்ணீரில்தான் நெல்லை, தூத்துக்குடி வயல்கள் விளைகின்றன. நாம் குடிப்பதும் அதைத்தான். இங்குள்ள களக்காடு முண்டந்துறை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். 1988-ல் தொடங்கப்பட்டது. சிங்கவால் குரங்குகள் இங்கே மரத்துக்கு மரம் தாவியே வாழ்கின்றன. காட்டைப் பிளந்து அகலமான சாலை போட்டால் அவை எப்படித் தாவும்?

நாம் சுமார் 90 கி.மீ. கூடுதலாகச் சுற்றுகிறோம். காடு பிழைக்கிறது, ஆறும் பிழைக்கிறது. மாணவன் சற்று யோசித்துவிட்டு, “எங்க மாமா சுத்தியே போகட்டும் சார்” என்றான்!

செய்து பாருங்கள்

அட்லஸில் உங்கள் ஊரையும் வேறோர் ஊரையும் அளவுகோலால் இணைத்து அளந்து கொள்ளுங்கள். பிறகு சாலையின் வளைவுகள் மேல் ஒரு நூலை வைத்து, அந்த நூலை நீட்டி அளவுகோலில் அளந்து பாருங்கள். ஒரு செ.மீ.க்கு எத்தனை கி.மீ. என்று வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும். அதனால் பெருக்கினால் இரண்டு தூரங்களும் தெரிந்துவிடும். வித்தியாசம் அதிகமாக வந்தால், குறுக்கே நிற்பது மலையா, ஆறா, குளமா என்று தேடுங்கள்!